அப்பாவின் உடம்பிலேயே மருந்து இருக்கிறதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் அரசுப் பள்ளி ஆசிரியை. அப்பாவுக்கு 64 வயது. சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது என்று எண்டோஸ்கோபி பார்த்ததில் இரைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘சிக்னெட் ரிங் செல்’ என்று போட்டிருக்கிறார்கள். வயிற்றின் உள்சவ்வில் பரவிவிட்டதால் ஆபரேஷன் இப்போது பயன்படாது என்று கீமோதெரபி தொடங்கி, இரண்டு சுற்று முடிந்திருக்கிறது. ஜெர்மனியில் இதே நோய் வந்த ஒருவரின் உடம்பிலிருந்து ஆன்டிபாடி எடுத்து மருந்தாகக் கொடுத்தார்கள், பக்கவிளைவே இல்லை என்று என் தம்பி எங்கோ படித்துவிட்டுச் சொல்கிறான். அதை நம்பி ஒரு தனியார் மையத்தில் விசாரித்தோம். ‘இயற்கை மனித ஆன்டிபாடி டிரிப்’ ஆறு தவணை, நாலு லட்சம் ரூபாய் என்கிறார்கள். கூடவே சீம்பால் கேப்சூலும் தருவார்களாம். இருக்கிற நிலத்தை அடமானம் வைக்க அம்மா தயாராக இருக்கிறார். அந்த ஆராய்ச்சி உண்மையா? அப்பாவின் உடம்பிலும் அந்த ஆன்டிபாடி இருக்குமா? என் ரத்தத்தையோ தம்பியின் ரத்தத்தையோ ஏற்றினால் பலன் உண்டா? எங்களுக்கும் இந்த நோய் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை அடமானம் வைக்காதீர்கள். அந்த மையத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஆன்டிபாடி என்பது கிருமி போன்றவற்றை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள நம் உடம்பு தயாரிக்கும் புரதம். நோயாளிகளின் உடம்பிலிருந்து கண்டெடுத்த ஆன்டிபாடி எதுவும் இரைப்பைப் புற்றுநோய்க்கு மருந்தாக இதுவரை அனுமதி பெறவில்லை. இந்தியாவில் மட்டுமல்ல, ஜெர்மனியிலும் இல்லை. அப்படியிருக்க, அந்த டிரிப் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தர முடியாது.

ஆனால் உங்கள் தம்பி படித்தது கட்டுக்கதை அல்ல. நான் பல ஆண்டுகளாக ஆர்வத்தோடு கவனித்து வரும் துறை அது. அதை முழுதாகச் சொன்னால்தான் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனம் சமாதானமாகும் என்று நினைக்கிறேன். ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால், ஏதோ ஒரு மருந்தை அப்பாவுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோமோ என்ற உறுத்தல் அம்மாவை விடாது.

தம்பி படித்தது ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபோல்மர்ஸும் நோயியல் நிபுணர் முல்லர்-ஹெர்மெலிங்கும் செய்த வேலையாக இருக்க வேண்டும். புற்றுநோய் வந்தவர்களின் உடம்பில் ஆன்டிபாடியைச் சுரக்கும் வெள்ளணுக்களான பி செல்களை எடுத்தார்கள். ஆய்வகத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் வேறொரு செல் வகையோடு அவற்றை இணைத்தார்கள். அப்படி இணைந்த ஒவ்வொரு செல்லும் ஒரே ஒரு வகை ஆன்டிபாடியைத் தொடர்ந்து தயாரிக்கும். 1975ல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் சுண்டெலி செல்களில் கண்டுபிடித்து, 1984ல் நோபல் பரிசு பெற்ற முறைதான் இது. வூர்ஸ்பர்க்கில் அதை மனிதச் செல்களில் செய்தார்கள். பிறகு அந்த ஆன்டிபாடிகளில் எது புற்றுத் திசுவில் ஒட்டுகிறது, எது நல்ல திசுவை விட்டுவிடுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

அப்படிக் கிடைத்தவற்றில் ஒன்றின் பெயர் எஸ்சி-1. அது யாரிடமிருந்து கிடைத்தது தெரியுமா? உங்கள் அப்பாவுக்கு வந்திருக்கும் அதே சிக்னெட் ரிங் செல் வகை (மைக்ரோஸ்கோப்பில் செல்கள் முத்திரை மோதிரம் போலத் தெரியும் வகை) இரைப்பைப் புற்றுநோய் இருந்த ஒருவரிடமிருந்து. தம்பி ஏன் அதைப் பிடித்துக்கொண்டான் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. புற்றுச் செல்லின் மேல் சிடி55 என்ற புரதம் சற்றே மாறிய வடிவத்தில் இருக்கும். எஸ்சி-1 அதில் போய் ஒட்டி, அந்தச் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி தூண்டுகிறது. அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நோயாளிகளுக்கு, ஆபரேஷனுக்கு ஓரிரு நாள் முன்பு ஒரே ஒரு டோஸ் கொடுத்தார்கள். அறுத்தெடுத்த இரைப்பையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பலரிடம் புற்றுச் செல்கள் மடிந்திருந்தன. ஐம்பது பேர் அளவில் மருந்து பெற்றவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நம்பிக்கை தரும் முடிவுகளை 2014ல் வெளியிட்டார்கள்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை நீங்கள் பார்க்க வேண்டும். அந்த நோயாளிகள் ஆபரேஷன் செய்யக்கூடிய நிலையில் இருந்தவர்கள். அவர்களுடைய இரைப்பையை அறுத்து எடுத்தும்விட்டார்கள். எனவே பத்து ஆண்டு வாழ்ந்ததில் கத்தியின் பங்கு எவ்வளவு, ஆன்டிபாடியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. ஒரே மாதிரியான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டும். எஸ்சி-1க்கு அந்தப் பெரிய ஆய்வு நடக்கவில்லை. கிடைத்தது நல்ல தொடக்கம். ஆனால் தொடக்கத்தை மருந்து என்று எழுதிக் கொடுக்கக் கூடாது.

அதே ஆய்வகத்தின் இன்னொரு ஆன்டிபாடி பேட்-எஸ்எம்6. இதுவும் ஓர் இரைப்பைப் புற்று நோயாளியிடமிருந்து வந்ததுதான். பேட்ரிஸ் என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் இதை எடுத்து வளர்த்தது. செல்லுக்குள் இருந்து மற்றப் புரதங்கள் சரியாக மடிய உதவும் ஜிஆர்பி78 என்ற புரதம், புற்றுச் செல்களில் வெளிப்புறத்துக்கும் வந்துவிடுகிறது. பேட்-எஸ்எம்6 அங்கேதான் பிடிக்கிறது. பல மருந்துகள் கைவிட்ட மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று) நோயாளிகள் 12 பேருக்கு இதைக் கொடுத்ததில் உடம்பு நன்றாகவே தாங்கியது. நான்கு பேருக்கு நோய் சிறிது காலம் வளராமல் நின்றது. கட்டி கரைந்து மறைந்தது என்று எவருக்கும் சொல்ல முடியவில்லை. ‘பக்கவிளைவே இல்லை’ என்று தம்பி படித்தது அநேகமாக இப்படிப்பட்ட ஆய்வுகளைப் பற்றித்தான். பக்கவிளைவு குறைவு என்பது உண்மை. அதோடு பலனும் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. இந்த இரண்டு ஆன்டிபாடிகளும் ஐஜிஎம் என்ற வகை. நாம் சாதாரணமாக மருந்தாகக் கொடுக்கும் ஐஜிஜி வகையைவிட ஆறு மடங்கு எடை கொண்டது. ஐந்து மூலக்கூறுகள் சேர்ந்து ஒன்றாக நிற்பது. ஐஜிஜி ரத்தத்தில் பாதியாகக் குறைய மூன்று வாரம் வரை ஆகும் என்றால், ஐஜிஎம் ஐந்தாறு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். ரத்தக் குழாயை விட்டு வெளியேறி கட்டிக்குள் நுழைவதும் அதற்குச் சிரமம். தொழிற்சாலையில் தரம் மாறாமல் நிறையத் தயாரிப்பது அதைவிடச் சிரமம். விஞ்ஞானம் தவறாக இல்லாமலே ஒரு மருந்து இப்படிப் பாதி வழியில் நின்றுபோவது உண்டு.

சகோதரி, உடம்பு தானே புற்றை எதிர்க்கிறது என்ற எண்ணம் புதிதல்ல. 1895லேயே பாரிஸில் ரிஷேயும் எரிகூரும் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த சாற்றை நாய்களுக்கும் கழுதைக்கும் செலுத்தி, அந்த விலங்குகளின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும், ஆன்டிபாடிகள் உள்ள தெளிநீரை) புற்று நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் நிலைக்கவில்லை. அதே ரிஷேதான் பின்னாளில், வெளியிலிருந்து வரும் புரதத்துக்கு உடம்பு உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு எதிர்வினை காட்டும் அனாஃபிலாக்ஸிஸை விளக்கி 1913ல் நோபல் பரிசு பெற்றார். உங்களிடம் நாலு லட்சம் கேட்கும் மையத்தில், டிரிப் ஏறும்போது அப்படி ஒரு எதிர்வினை வந்தால் சமாளிக்க ஐசியு இருக்கிறதா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கேட்கும் மனநிலையில் அன்று யாரும் இருந்திருக்கவும் முடியாது.

அப்பாவின் உடம்பில் அந்த ஆன்டிபாடி இருக்குமா என்று கேட்டீர்கள். புற்றுக்கு எதிரான ஏதோ சில ஆன்டிபாடிகள் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1982லேயே மார்பகப் புற்று நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் பி53 என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைக் கண்டார்கள். 1995ல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில், நோயாளியின் சீரத்தையே துப்பறியும் கருவியாக வைத்து, அவருடைய கட்டியில் எந்தெந்தப் புரதங்களை உடம்பு அடையாளம் கண்டிருக்கிறது என்று வரிசையாகக் கண்டறியும் முறையை உருவாக்கினார்கள். அதில் முன்னின்ற இளைஞர் ஊகுர் சாஹின். பிற்காலத்தில் கொரோனா தடுப்பூசியால் உலகமறிந்த அதே சாஹின்தான். அவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

இருந்தும் ஏன் நோய் வளர்ந்தது என்பது நியாயமான அடுத்த கேள்வி. புற்றுச் செல் வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல, நம் சொந்தச் செல். அதைத் தாக்கக் கூடாது என்று உடம்பு தன் பி செல்களை அவை உருவாகும்போதே பழக்கி வைக்கிறது. அதையும் மீறி உருவாகும் ஆன்டிபாடி அளவில் குறைவு, பிடிமானத்திலும் தளர்வு. அது போய் ஒட்டினாலும் புற்றுச் செல் சும்மா இருப்பதில்லை. ஆன்டிபாடி ஒட்டிய செல்லைத் துளைத்து அழிக்க நம் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அது கண்டபடி பாய்ந்து நல்ல செல்களையும் அழிக்காதிருக்க, ஒவ்வொரு செல்லின் மேலும் பிரேக் போலச் சில புரதங்கள் உண்டு. புற்றுச் செல் அந்த பிரேக்குகளை அளவுக்கு மேல் மாட்டிக்கொள்கிறது. எஸ்சி-1 ஒட்டுவதாகச் சொன்ன சிடி55 அப்படிப்பட்ட பிரேக்குகளில் ஒன்று.

இங்கே என்னை வியக்க வைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. வூர்ஸ்பர்க்கோடு தொடர்பே இல்லாமல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் பாட்ஸ் என்ற ரேடியாலஜிஸ்ட் வேறொரு கேள்வியோடு இறங்கினார். ஆரம்பக் கட்ட நுரையீரல் புற்று உள்ள சிலருக்கு நோய் பரவாமலே இருக்கிறதே, அவர்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது? தேடியதில் அவர்களில் பலரிடம் காம்ப்ளிமென்ட் ஃபேக்டர் ஹெச் என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. அந்தப் புரதமும் காம்ப்ளிமென்டுக்கு ஒரு பிரேக்தான்! வேறு நாடு, வேறு உறுப்பு. ஆனால் மனித உடம்பு இரண்டிடத்திலும் அதே வகைக் கவசத்தைக் குறிவைத்திருக்கிறது. பாட்ஸின் குழு அத்தகைய ஒரு நோயாளியின் தனி பி செல்லிலிருந்து அந்த ஆன்டிபாடியை மீட்டெடுத்து 2016ல் அறிவித்தது. ஜிடி103 என்ற பெயரில் நுரையீரல் புற்று நோயாளிகளிடம் முதல் கட்டச் சோதனை முடிந்து, நோயெதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் சோதனையும் நடந்திருக்கிறது. சிலருக்கு நோய் நிலையாக நின்றது என்பதுதான் முதல் சோதனையின் செய்தி. இதுவும் சந்தைக்கு வந்த மருந்து அல்ல.

பி செல்களைப் பற்றிய மதிப்பே கடந்த சில ஆண்டுகளில் உயர்ந்துவிட்டது. 2020 ஜனவரியில் மூன்று குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தார்கள்: கட்டிக்குள்ளேயே பி செல்கள் கூடி, சிறு நிணநீர்க் கணு போன்ற அமைப்பை உண்டாக்கியிருந்த மெலனோமா (தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்று), சார்கோமா (தசை, எலும்பு போன்ற திசுக்களில் வரும் புற்று) நோயாளிகளுக்கு இம்யூனோதெரபி நன்றாக வேலை செய்தது என்று. 2022ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சினைப்பைக் கட்டிகளிலிருந்து பி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பத்தில் புற்றில் ஒட்டவே ஒட்டாத ஆன்டிபாடிகள், கட்டிக்குள் போராடிப் போராடி, தம்மை மாற்றிக்கொண்டு, ஒட்டக் கற்றிருந்தன. 2023ல் லண்டனின் கிரிக் நிறுவனம், நம் மரபணுவில் பல லட்சம் ஆண்டுகளாகத் தூங்கும் பழைய வைரஸ் துண்டுகள் நுரையீரல் புற்றில் விழித்துக்கொள்வதையும், உடம்பு அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி செய்வதையும் காட்டியது. எனவே அப்பாவின் உடம்பு கைகட்டி நிற்கவில்லை. அதை அப்பாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் ‘இயற்கை, ஆகவே பாதுகாப்பு’ என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். தவறான வகை ரத்தம் ஏற்றினால் உயிர் போகக்கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்வது இயற்கையான ஆன்டிபாடிதான். ஏ வகை ரத்தத்தை ஒருபோதும் பெற்றிராத ஓ வகைக்காரருக்கும், ஏ வகைக்கு எதிரான ஆன்டிபாடி குழந்தைப் பருவத்திலேயே வந்துவிடுகிறது. இன்னும் வேதனையானது ஒன்று. மார்பகம் அல்லது சினைப்பைப் புற்று உள்ள சில பெண்களுக்குக் கட்டியை எதிர்க்கக் கிளம்பும் நோயெதிர்ப்பு சிறுமூளையையும் தாக்கிவிடுகிறது. ரத்தத்தில் ஆன்டி-யோ என்ற ஆன்டிபாடி தென்படும். கட்டி சிறியதாக இருக்கும்போதே அவர்களால் நடக்க முடியாமல், பேச்சுக் குழறிப் போகும். புற்றை அடக்கும் சக்தியும் நரம்பைக் கெடுக்கும் சக்தியும் ஒரே நோயெதிர்ப்பிலிருந்து வரக்கூடும் என்பதால்தான், மனித உடம்பிலிருந்து வந்த ஆன்டிபாடியாக இருந்தாலும் சிறு டோஸிலிருந்து படிப்படியாக, ஆய்வு விதிகளுக்கு உட்பட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்தப் பாதையில் எத்தனை பேர் எத்தனை காலம் நடந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1986ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ரெய்கோ ஐரீயும் டொனால்ட் மார்ட்டனும் ஜிடி2 என்ற கொழுப்புச் சர்க்கரைக்கு எதிரான மனித ஆன்டிபாடியைத் தோலில் பரவிய மெலனோமா கட்டிகளுக்குள்ளேயே ஊசியால் செலுத்தி, சில கட்டிகள் சுருங்குவதைக் காட்டினார்கள். ஜப்பானில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுள்ள ஒரு பெண்ணின் நிணநீர்க் கணுவிலிருந்து வந்த பிரிட்டுமுமாப், மூளைக் கட்டியுள்ள இருநூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் மறுபடியும் முதல் கட்டத்திலிருந்தே சோதனையைத் தொடங்க வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் ஆட்ரேகா நிறுவனம் நோயாளிகளின் பி செல்களிலிருந்து ஏராளமான ஆன்டிபாடிகளைச் சலித்தெடுத்து, ஒன்றை மனிதச் சோதனை வரை கொண்டுவந்தது. எதிர்பார்த்த பலன் வராமல் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. நாற்பது ஆண்டுகளாக நேர்மையான, திறமையான ஆட்கள் முயன்றும் இன்னும் கைக்கு வராத ஒன்றை, ஒரு மையம் ஆறு தவணையாக விற்கிறது என்றால் என்ன நினைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் ரத்தத்தை ஏற்றுவது பற்றி: வேண்டாம். உங்களுக்குப் புற்றுநோய் இல்லை, ஆகவே அப்பாவின் கட்டியை அறிந்த ஆன்டிபாடி உங்களிடம் இருக்கக் காரணமும் இல்லை. இருந்தாலும் ஒரு பாட்டிலில் வரும் அளவு எதற்கும் போதாது. அதோடு, நெருங்கிய உறவினரின் ரத்தத்தில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. மரபு ஒற்றுமையால் உங்கள் வெள்ளணுக்களை அப்பாவின் உடம்பு அந்நியமாகக் கருதாமல் விட்டுவிடலாம். உங்கள் அணுக்கள் அப்பாவின் உடம்பைத் தாக்கத் தொடங்கலாம். அரிதானாலும் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிக்கும். ரத்தம் குறைந்து ஏற்ற வேண்டி வந்தால் ரத்த வங்கியிலிருந்து வரட்டும். நீங்களும் தம்பியும் வங்கிக்குப் பதில் ரத்தம் கொடுங்கள்.

சீம்பால் கேப்சூலுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிலிருப்பது கன்றுக்குட்டிக்காகப் பசு செய்த ஆன்டிபாடி. வாயால் விழுங்கிய ஆன்டிபாடி குடலில் செரித்துவிடும். ரத்தத்துக்குப் போய்ச் சேராது.

இனி அப்பாவுக்கு இன்று உண்மையில் செய்யக்கூடியது. ஆன்டிபாடி மருந்துகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிரூபணமான ஆன்டிபாடி மருந்துகள் இரைப்பைப் புற்றுக்கு இருக்கின்றன. அவை நோயாளியின் உடம்பில் பிறந்தவை அல்ல. சுண்டெலியில் தொடங்கி மனிதருக்கு ஏற்றபடி திருத்தியவை, அல்லது மனித மரபணு புகுத்திய சுண்டெலியிலிருந்து வந்தவை. எங்கே பிறந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்துத் தேறியதா என்பதே முக்கியம். எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என்பதைக் கட்டியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். அடுத்த முறை போகும்போது உங்கள் டாக்டரிடம், அப்பாவின் பயாப்ஸி பிளாக்கில் ஹெர்2, எம்எம்ஆர் அல்லது எம்எஸ்ஐ, பிடி-எல்1, கிளாடின் 18.2 ஆகிய சோதனைகள் செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். பயாப்ஸி திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். புதிதாக எண்டோஸ்கோபி தேவைப்படாமலே பெரும்பாலும் அதிலேயே பார்த்துவிடலாம்.

ஹெர்2 பாசிட்டிவ் என்றால் கீமோவோடு டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்தைச் சேர்ப்பார்கள். 2010ல் வெளியான ஆய்வில் சராசரி ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது. 2014 முதல் இந்தியாவிலேயே தயாரான வகை கிடைப்பதால் விலையும் இறங்கியிருக்கிறது. சிக்னெட் ரிங் வகையில் ஹெர்2 பாசிட்டிவாக வருவது குறைவு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லை என்று வந்தால் இடிந்துபோக வேண்டாம். எம்எஸ்ஐ அதிகம் என்று வருவது சிலருக்கே. ஆனால் அவர்களுக்கு இம்யூனோதெரபி பலமாகவும் நீண்ட காலமும் வேலை செய்யக்கூடும். அதனால் அந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். பிடி-எல்1 அளவு கூடுதலாக இருந்தவர்களிடம் கீமோவோடு நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்ததில் சராசரி ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 14.4 மாதமாயிற்று.

கிளாடின் 18.2 தான் உங்கள் தம்பியின் ஜெர்மன் கதைக்கு நெருங்கிய உறவு. சீரத்தை வைத்துத் துப்பறிந்த அந்த ஊகுர் சாஹினும் அவர் மனைவி ஓஸ்லெம் டுரெச்சியும் தொடங்கிய நிறுவனத்தில் உருவானது, கிளாடின் 18.2 புரதத்தில் ஒட்டும் ஸோல்பெடக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி மருந்து. இரைப்பைச் செல்களை ஒன்றோடொன்று இறுக்கி வைக்கும் அந்தக் கிளாடின் புரதம், கட்டியில் செல்கள் தாறுமாறாகும்போது வெளியே தெரிய வருகிறது. சிக்னெட் ரிங் போன்ற பரவல் வகையிலும் அது அடிக்கடி காணப்படுகிறது. 2024ல் ஜப்பானும் பிறகு அமெரிக்காவும் இந்த மருந்துக்கு அனுமதி தந்தன. ஓர் ஆய்வில் சராசரி ஆயுட்காலம் 15.5 மாதத்திலிருந்து 18.2 மாதமானது. வாந்தியும் குமட்டலும் அதிகம் தரும் மருந்து என்பதால் உடல் தெம்பையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

எண்களை மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தேறிய மருந்துகூட இந்த நிலையில் சராசரியாகச் சில மாதங்களையே கூட்டித் தருகிறது. சிலருக்கு அதைவிட நிறையவும், சிலருக்கு ஒன்றுமில்லாமலும் போகிறது. நிலத்தைப் பற்றிய கேள்வி அந்த மருந்துகளுக்கும் பொருந்தும். உங்கள் டாக்டரிடம், “சார், இந்த மருந்தால் அப்பாவுக்கு எவ்வளவு கூடுதல் காலம் எதிர்பார்க்கலாம், மாதம் எவ்வளவு செலவாகும்?” என்று நேராகக் கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் எது அடங்கும் என்று மருத்துவமனையில் இருக்கும் திட்ட அலுவலரிடம் விசாரியுங்கள். முடிவெடுக்கும்போது அப்பாவையும் உட்கார வையுங்கள். அவருடைய உடம்பு, அவருடைய நிலம். வலி, வாந்தி, வயிற்றில் நீர் கோர்ப்பது ஆகியவற்றுக்கான நோய்த்தணிப்பு மருத்துவத்தைக் கடைசிக்கு என்று தள்ளிவைக்காமல் கீமோவோடு சேர்த்து இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். ஒரேயடியாகத் தட்டு நிறைய வைக்காமல் இரண்டு மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

ஆராய்ச்சி மருந்து ஏதேனும் முயல வேண்டும் என்றால் அதற்கும் முறையான வாசல் இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருத்துவ ஆய்வும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்க வேண்டும். உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019 விதிகளில் இருக்கின்றன. சோதனையில் உள்ள மருந்துக்கு நோயாளியிடம் காசு கேட்பது முறையே அல்ல. அந்த மையத்தில் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதில் எப்படி வருகிறது என்று தம்பியும் அம்மாவும் பக்கத்திலிருந்து கேட்கட்டும்.

கடைசியாக, உங்களுக்கும் தம்பிக்கும். உங்கள் ரத்தத்தில் ஆன்டிபாடியைத் தேடிப் பயனில்லை. தேட வேண்டியது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை. இரைப்பைப் புற்றுக்குத் தெளிவாக நிரூபணமான, நீக்கக்கூடிய முதன்மைக் காரணம் அதுதான். தென்கொரியாவில், நோயாளிகளின் உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் அந்தக் கிருமி இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மருந்து பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்று வந்தது. மலப் பரிசோதனை அல்லது மூச்சுப் பரிசோதனை போதும். இருந்தால் இரண்டு வார மாத்திரை. அத்தை, சித்தப்பா, பெரியப்பா வழியில் வேறு யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன்பே இரைப்பைப் புற்றோ, பெண்களுக்கு மார்பகப் புற்றோ வந்திருந்தால் அதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குடும்பத்தில் தொடரும் இரைப்பைப் புற்றோடு தொடர்புடைய சிடிஹெச்1 என்ற மரபணுவைப் பார்க்க வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

சோதனை முடிவுகள் வந்ததும், பெயரை மறைத்துவிட்டு, எனக்கு மறுபடி எழுதுங்கள். அடுத்த சுற்று கீமோவுக்கு முன்பே அவை கையில் இருப்பது நல்லது.